வேப்பம்பூவாய்ப் பறந்த தோள்

இன்று காலை கடையைத் திறந்தபோது கீபோர்டு முழுக்க வேப்பம்பூ. நேற்று ஜன்னலைச் சாத்த மறந்திருக்கிறேன். ஊதித் தள்ளலாம் என்று குனிந்தவன், அந்த இளங்கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சித்திரை வந்துவிட்டதடா. நீ இல்லாமல் வருகிற இரண்டாவது சித்திரை.

ஒரகடம் கூட்டுரோட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கம்பெனி பஸ்கள் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு இன்னொரு கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகின்றன. கனமான லாரி போனால் கடைக் கண்ணாடி நடுங்குகிறது. சாலையை அகலப்படுத்தியபோது எப்படியோ தப்பித்த அந்த ஒற்றை வேம்பு நம் கடை வாசலில்தான் நிற்கிறது. நம் கடை என்றே எழுத வருகிறது. போர்டில் இருப்பது என் பெயர்தான், ஆனால் உன் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இங்கேதானே கழிந்தன.

நீ முதலில் வந்தது பாஸ்போர்ட் போட்டோவுக்கு. வந்த வேலை முடிந்தும் போகாமல் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு கல்யாண பேனர் தயாராகிக்கொண்டிருந்தது. "மாப்பிள்ள மூக்குல ஒரு புள்ளி கெடக்கு பாருங்க" என்றாய். எனக்குத் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், இருந்தது. கார் கம்பெனியில், வெள்ளை விளக்கு வரிசைக்குக் கீழே நின்று, புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியில் தூசி ஒட்டியிருக்கிறதா என்று தேடுவதுதான் உன் வேலை என்று அப்புறம் சொன்னாய். "அடப்பாவி, கல்யாண மாப்பிள்ளையையும் வுட மாட்டியா நீ?" என்று சிரித்தேன். அன்றிலிருந்து நீ எனக்கு மாப்ள, நான் உனக்கு மாப்ள.

ஒரு நாள் போனில் ஒரு படத்தைக் காட்டினாய். யாரோ ஒருவன் நிற்கிறான், அவன் தோள் துகள் துகளாகப் பிரிந்து காற்றில் போகிறது. "வாரம் பூரா தூசி புடிச்சுக்கிட்டுக் கெடக்கேன் மாப்ள. ஒரு நாளாவது நானே தூசியாப் பறக்கணும்லா" என்றாய்.

"பறக்க வுட்டாப் போச்சு. இன்னா பெரிய விஷயம்?" என்றேன்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உன்னை நிறுத்தி எடுத்த படம் அது. நீலச் சட்டை. ஏரிக்காற்றில் சட்டை உப்பி, நீ ஏற்கெனவே கொஞ்சம் பறந்துகொண்டுதான் இருந்தாய். இடது கன்னத்து மச்சத்தில் வெயில் பட்டிருந்தது. கடைக்கு வந்து, உன்னைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லேயர் ஆக்கினேன். ஒன்றில் நீ நீயாகவே இருந்தாய். இன்னொன்றில் உன் இடது தோளைப் பிடித்துத் திரையின் வலப்பக்கமாக மாவு இழுப்பதுபோல இழுத்துவிட்டேன். இரண்டுக்கும் மாஸ்க் போட்டேன். கறுப்பு தடவினால் மறையும், வெள்ளை தடவினால் தெரியும், அவ்வளவுதான் வித்தை. திரையில் துகள் தூவ இன்டர்நெட்டில் இறக்கிய பிரஷ் ஒன்றை எடுத்தபோது நீ முகத்தைச் சுளித்தாய்.

"இது நான் தொடச்சுப் போடுத தூசி மாதிரியே இருக்கு. வேற எதுவும் இல்லியா?"

அப்போது சித்திரை. வாசல் முழுக்கப் பூ உதிர்ந்து கிடந்தது. நீ போய் ஒரு கை அள்ளி வந்து வெள்ளைத் தாளில் தூவினாய். அதைப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, பிரஷாக மாற்றினேன். மவுஸை அசைத்ததும் உன் தோளிலிருந்து வேப்பம்பூ கிளம்பியது. நீலச் சட்டையின் நிறத்தில், சிறிதும் பெரிதுமாய், திரும்பியும் கவிழ்ந்தும். மின்விசிறி ஓடுகிற சத்தத்தில், மதிய வெயிலில், நாம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கனவு காண்கிற ஒருவனின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கனவைப் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு.

அதோடு விட்டிருக்கலாம். நீ அதைப் பெருமையாக அம்மாவுக்கு அனுப்ப, அம்மா அதையே உனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டாருக்குக் காட்டிவிட்டார். மறு வாரம் நம் கடையில் நீ ஸ்பீக்கரில் போட்ட அம்மாவின் போன் பேச்சை மறக்க முடியுமா?

"ஏலே, என்னல இது? ஒன் தோளக் கரையான் அரிச்சிருக்கு! பையனுக்குக் கையில எதுவும் ஊனமான்னு கேக்காவ. முழுசா உள்ள படத்த அனுப்புல!"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஏரிக்கரைப் படத்தை எடுத்தபடியே, ஒரு பூ கூட இல்லாமல் அனுப்பி வைத்தோம். பெண் வீட்டாருக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னாய். சொன்னபோது உன் காது சிவந்திருந்தது.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னை மறுபடி எழுந்திருக்க விடவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

கம்பெனியில் உன் லைனில் வேலை பார்த்த பையன்கள் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அந்தப் பறக்கிற படத்தைத்தான் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். "அம்மா வர்றாங்கடா. அவங்க கண்ணுல முழுசாத்தான் படணும்." அந்த முழுப் படத்தையே சட்டம் போட்டு, உன் அறையைக் காலி செய்ய வந்த அம்மாவின் கையிலும் கொடுத்தேன். அவர் அழவில்லை. முந்தானையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

மாதங்கள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"எய்யா, அந்தக் கரையான் அரிச்ச படம் ஒங்கிட்ட கெடக்கா?"

"எதுக்கும்மா அது? உங்களுக்குப் புடிக்காதே."

"இதுல முழுசா இருக்கான்யா. பாக்கும்போதெல்லாம் இந்தா வந்துருவாம்னு வாசலப் பாக்கச் சொல்லுது. சோறு எறங்க மாட்டேங்கு. போயிட்டாம்னு காட்டுத படத்தக் குடு. மனசு அடங்கட்டும்."

அனுப்பினேன். அங்கேயே அச்செடுத்து மாட்டினார்கள். சில நாளில் மறுபடி அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. "வாசப் பக்கமாலா பறக்கான். கதவத் தாண்டிப் போறத தெனமும் பாத்துக்கிட்டு இருக்க முடியலய்யா. உள்ள பாத்துப் பறக்க வைக்க முடியுமா?"

மாட்டியிருக்கிற சுவரில், படத்துக்கு வலப்பக்கம்தான் வாசலாம். இதென்ன பெரிய வேலை, படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பினால் முடிந்தது என்று ஒரே கிளிக்கில் திருப்பி அனுப்பினேன். பேனர் போடுகிறவன் நாளெல்லாம் செய்கிற காரியம் அது. போன் உடனே வந்தது.

"மச்சம் எடது கன்னத்துலலா இருக்கும். இது யாரு?"

உன் கண்ணை நீ எங்கிருந்து வாங்கினாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய கோப்பைத் திறந்தேன். வலது தோளில் பூவைக் கிளப்ப வேண்டுமானால் முதலில் இடது தோளைச் சரிசெய்ய வேண்டும். உன் மாஸ்க்கில் வெள்ளை தடவினேன். மாஸ்க் எதையும் அழிப்பதில்லை, மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். பிரஷ் போன இடமெல்லாம் நீ திரும்பி வந்தாய். சட்டைத் தையல் வந்தது, தோள்பட்டை வந்தது, உப்பிய கை வந்தது. கொஞ்ச நேரத்தில் ஏரிக்காற்றில் முழுசாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டேன். டேய், உன்னை மறுபடி உதிர்க்க எனக்கு மனசே வரவில்லை. வெளியே பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. அப்புறம் நம் வேப்பம்பூவை எடுத்து, மெதுவாக, உன் வலது தோளில் முதல் புள்ளியை வைத்தேன்.

அச்செடுத்து நானே கோவில்பட்டிப் பக்கம் உன் ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மா சொன்ன சுவரில் மாட்டினேன். வாசலை விட்டு விலகி, வீட்டுக்குள் பார்த்து, பூவாகப் போய்க்கொண்டிருந்தாய். அம்மா தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து மச்சத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பந்தான்யா ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குள்ள வாரான்" என்றார். அன்று எனக்குச் சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார்.

அந்த பிரஷ் இன்னும் வரிசையில் முதலாவதாக இருக்கிறது. பிறந்தநாள் பேனர், கல்யாண ஆல்பம் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தோளில் உன் பூ பறக்கிறது, அவர்களுக்குத் தெரியாது. இன்று மதியமும் ஒருவன் வந்தான், கம்பெனிச் சட்டையோடு. "அண்ணே, தோள் தூளாப் பறக்குமே, அந்த டிஸ்பர்ஷன் எஃபெக்ட் போட்டுக் குடுங்கண்ணே."

"இத எங்க மாட்டப் போற? வூட்டுல வாசல் எந்தப் பக்கம் கீது?" என்று கேட்டேன்.

"ஏண்ணே, வாஸ்துவா?"

"ஆமாண்டா" என்று சொல்லிவிட்டு, பூவை எடுத்தேன்.