விசிறிக்காரனின் பெயர்

1972 பிப்ரவரி 6, ஞாயிறு

நூலகத்தில் வாசகர் கூட்டம். அந்தப் பழைய ஜமீன் நாவல். இருபத்தெட்டு வருடம் வகுப்பில் சொன்னதைச் சொன்னேன்: வெல்வெட் திண்டு, பன்னீர் வாசனை, சுவர்க் கடிகாரம். ஜமீன்தார் பணக்காரர் என்று ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. கூடத்தைக் காட்டுகிறார், நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கடைசி வரிசையிலிருந்து பட்டு நூல் சுற்றுகிற பெண் எழுந்தாள்.

"டீச்சர்மா, அந்த வூட்டு நாய்க்குப் பேர் இருக்குது. குதிரைக்கும் இருக்குது. நாளெல்லாம் விசிறிக்கினு நிக்கறாரே, அந்தாளுக்குப் பேரே காணோமே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளை.

பிப்ரவரி 7

இருபத்தெட்டு வருடம்! எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிப்ரவரி 9

என் பூனை வெள்ளச்சி மூன்று குட்டி போட்டிருக்கிறது. மூன்றும் அம்மாவைப் போலவே வெள்ளை.

பிப்ரவரி 13, ஞாயிறு

மறுபடியும் அவள். "கல்யாணத்துல எல்லார் மூஞ்சியும் எழுதறாரு. சமையல்காரம்மாவுக்குக் கை மட்டுந்தான்."

கூட்டம் முடிந்ததும் நூலகர் பராங்குசம் வந்தார். "டீச்சர், ஆண்டு விழாவில அந்தம்மாவையே பேச வெச்சா என்ன?"

ஐந்து வருடமாக அது என் பேச்சு.

"எட்டாவதுகூடத் தாண்டலையே அவ" என்றேன். என் வாயா அது?

"யோசிச்சு ஒரு வரி எழுதி அனுப்புங்கோ."

பிப்ரவரி 15

நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை என் பெயரில் எடுத்து வந்துவிட்டேன். சொந்தப் பிரதி அலமாரியில் இருக்கிறது.

பிப்ரவரி 17

வாசலில் அவள்.

"பொஸ்தகம் உங்ககிட்ட இருக்குதாமே?"

"இன்னும் முடிக்கல."

"அதுக்கென்னமா, மெதுவா படிங்க."

ரொம்ப தூரம் நடந்து வந்திருப்பாள் போல. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சீ.

பிப்ரவரி 18

பராங்குசத்துக்கு எழுத உட்கார்ந்தேன். 'திருமதி' என்று போட்டதும் பேனா நின்றது. திருமதி யார்?

இந்த நோட்டைப் புரட்டினேன். 'நூல் சுற்றுகிற பெண்.' 'அவள்.' 'அவ.' நடுவில், பூனை. பெயரோடு.

பிப்ரவரி 19

அவள் நூல் சுற்றும் இடத்துக்கே போய், தறிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு பிரதிகளையும் நீட்டினேன். "உன் பேர் என்னம்மா?"

"வடிவு. எட்டு மாசமா வர்றேன், இப்பதான் கேக்கறீங்க!" சிரித்தாள். "எதுக்கு ரெண்டு?"

இரண்டையும் திறந்து காட்டினேன். ஓரக் குறிப்புகள் எழுதிய என் பிரதியை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 27, ஞாயிறு

ஆண்டு விழா. திருமதி வடிவு பேசினார். நான் கடைசி வரிசை. எனக்கு இவ்வளவு கைதட்டல் ஒருநாளும் விழுந்ததில்லை. வயிறு எரியத்தான் செய்தது. வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை நினைவிலிருந்து நான்கு பக்கம் எழுதி வைத்தேன்.