சொன்னவள் போன பிறகு

நவம்பர் 4, திங்கள்
மழை. கூத்தாநல்லூர் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. தாமதமாக வார்டுக்குள் நுழைந்ததும் சுடர்விழி ஓடி வந்தாள். நர்ஸாகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "அக்கா, அம்சவல்லியோட சர்க்கரை மாத்திரைய அம்சத்துக்குக் கொடுத்துட்டேன். அவங்களுக்கு வேர்த்துக் கொட்டுது." அம்சம் காய்ச்சலுக்கு வந்தவர், சர்க்கரை நோயே கிடையாது. குளுக்கோஸ் ஏற்றினோம். சாயங்காலம்தான் தெளிந்தார். இவள் மறைத்திருந்தால்?

நவம்பர் 5
ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர் கூப்பிட்டார். "அந்தப் பொண்ண நிறுத்திடுங்க ஹமீதா. அம்சத்தோட வீட்டுக்காரங்ககிட்ட எதுவும் சொல்ல வேணாம்."
"அவளாத்தான் வந்து சொன்னா சார்."
"அதனாலதான் இதோட விடுறேன்."
வார்டுக்கே பொறுப்பு நான். நானே போய் அவளிடம் சொன்னேன். சுடர்விழி அழாமல் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 6
அம்சத்தின் கணவர் வீரையன் கேட்டார்: "முந்தாநாள் ஏன் அப்படி ஆச்சும்மா?" பொய் வரவில்லை. மாத்திரை மாறியதைச் சொல்லிவிட்டேன். "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 9
அசதி.

நவம்பர் 14
குப்பைக்கூடையில் பாதி ஏறிய டிரிப் பாட்டில். யாருடையது? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஜஸீலா — எட்டு வருடமாக என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் — தனியாக வந்து சொன்னாள்: "வேற ஆளுக்கு ஏறிடுச்சுக்கா. உடனே மாத்திட்டோம். சொன்னா சுடருக்கு ஆனதுதான எங்களுக்கும்?"
நான்தானே அவளை அனுப்பினேன்.

நவம்பர் 15
பெரிய டாக்டரிடம் போனேன். "சொன்னவள அனுப்பிட்டோம் சார். இப்ப யாரும் சொல்றதில்ல. தப்பு மட்டும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. வந்து சொல்றவங்கள அனுப்ப மாட்டேன்னு நீங்களே வார்டுல சொல்லணும். முடியாதுன்னா நானும் கிளம்புறேன்."
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "யோசிக்கிறேன்."
போனால் எங்கே வேலை தேடுவேன்? இந்த வயதில்?

நவம்பர் 18
பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். தப்பை வந்து சொல்பவர்களை அனுப்ப மாட்டேன் என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். உடனே சுடர்விழிக்குப் போன் செய்தேன். "வேதாரண்யத்துல ஒரு கிளினிக்ல சேர்ந்துட்டேன்கா. அங்க திரும்பி வர மனசு வரல." வற்புறுத்தவில்லை. என்ன முகத்தோடு வற்புறுத்துவது?

டிசம்பர் 2
கால் வீக்கம். மத்தியானம் சற்று உட்கார்ந்தேன். ஜஸீலா வந்து நின்றாள். "அக்கா, ஊசி அளவு கூடிப் போச்சு. என் கைதான். டூட்டி டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், அவர் பாத்துக்கிட்டிருக்கார்."
எந்த பெட் என்று மட்டும் கேட்டேன். எழுந்து அவளோடு நடந்தேன்.