பறவைகள் இறங்கிய லாரி

அப்பா,

இன்று மத்தியானம் பள்ளிக்கூட மண்டபத்தில் மைதாப் பசை காய்ச்சினோம். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடச் சொன்னேன். அந்த வாடை எழுந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. கரண்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் போய் நின்றேன். டீச்சருக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று பிள்ளைகள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

இந்த வருஷமும் நம் தேக்கா வட்டாரத்தில் சிறுவர் கலை ஊர்வலம் நடக்கப்போகிறது. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக டின் குலுக்கிக் காகிதக் கொடி விற்கிறேன். நேற்றுக் கூட்டத்தில் ஒருவர், "லாரிக்கு மட்டும் முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க டீச்சர், கடைசி நேரத்துல கிடைக்காது லா," என்றார். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. இதை வேறு யாரிடம் சொல்ல?

நீங்கள் ஓட்டியது சாவு லாரி. சிராங்கூன் ரோட்டிலும் அதன் சந்துகளிலும் நம் ஆட்கள் யார் இறந்தாலும் பிடாடரி மயானம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் தொழில். அதில் உங்களுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. வேலை இல்லாத நாளில் அதே லாரியில் முன்னால் உட்காரவைத்து என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவீர்கள். மற்றப் பிள்ளைகள் விலகி நிற்பார்கள். பெரிய வண்டியில் வருகிற மரியாதை அது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐம்பதுகளில்தான் நம் வட்டார மன்றம் முதன்முதலாகச் சிறுவர் ஊர்வலம் எடுத்தது. அலங்கார லாரியில் ஒரு மரம், மரத்தைச் சுற்றிப் பறவை வேஷத்தில் பிள்ளைகள். நான் மீன்கொத்தி. செலவுக்குப் பணம் சேர்க்க மன்றத்தார் எல்லோரும் கொடி விற்கக் கிளம்பினார்கள். உங்கள் டின்தான் முதலில் நிறைந்தது. நிறையாமல் என்ன செய்யும்? நல்ல நாளும் அதுவுமாக நீங்கள் வாசலில் வந்து நின்றால், கொடியை வாங்கிக்கொண்டு உங்களைச் சீக்கிரம் அனுப்பத்தானே பார்ப்பார்கள். நீங்களும் அது தெரிந்தே சிரிப்பீர்கள். "நான் சும்மா வந்தாலே ஜனங்களுக்கு நிம்மதி, பாப்பா," என்பீர்கள். அந்தப் பணத்தை மன்றத்தில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மரத்தையும் நீங்கள்தான் கட்டினீர்கள். மூங்கில் பிளந்து கயிறு போட்டு இறுக்குவதில் உங்களை மிஞ்ச அங்கே ஆளில்லை. எதைக் கட்டிக் கட்டி அந்தக் கை பழகியது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிளைகளுக்குப் பச்சைக் கிரேப் தாள் ஒட்ட அம்மா வாளி வாளியாகப் பசை காய்ச்சினார். மயில்துத்தத்தின் வாடை நம் வீட்டுச் சோற்றில்கூட இருந்தது.

ஊர்வலத்தன்று காலையில், லாரி தருவதாகச் சொன்ன மரக்கடைக்காரரின் வண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டது. மன்றச் செயலாளர் வியர்க்க விறுவிறுக்க நம் வீட்டுக்கு ஓடிவந்தார். "அண்ணே, உங்க லாரியைக் கொடுங்க. வேற வழியில்ல," என்றார்.

நீங்கள் அவரையே பார்த்தீர்கள். "யோசிச்சுத்தான் கேக்கிறீங்களா?"

"மரத்தைத் தூக்கி வெச்சுத் தாளைச் சுத்திட்டா யாருக்குத் தெரியப்போவுது? நான் பாத்துக்கிறேன் அண்ணே."

அன்று உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் முகத்தை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், நான்தான் பார்த்தேன். மஞ்சள் தண்ணீர் விட்டு லாரியைக் கழுவினீர்கள், காய்வதற்குள் மறுபடியும் கழுவினீர்கள். கல்யாணத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். "இதுல பிள்ளைங்க ஏறி நிக்கப்போறாங்க," என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மாவுக்கு அது தெரியாதா என்ன? இருந்தாலும் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

பேரர் பார்க் திடலில் பிள்ளைகளை ஏற்றினார்கள். கிளி, மைனா, மயில், கொக்கு என்று மரத்தைச் சுற்றி ஒரே கூச்சல். மளிகைக்கடை அம்மாவும் தன் மகனைக் கிளியாக்கித் தூக்கி விட்டார். விட்டவர், பின் கதவின் கம்பியில் கை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் நின்றார். நாம் ஒட்டிய தாள் அந்த இடத்தில் சற்றுப் பிரிந்திருந்தது.

"இது எங்க வீட்டுக்காரரைக் கொண்டு போன லாரி," என்றார். சத்தம்கூடப் போடவில்லை. கோபமும் இல்லை. மகனின் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டார், அவ்வளவுதான். அவரை என்னால் இன்றைக்கும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். மயிலின் அம்மா மயிலை இறக்கினார். கொக்கு அழுதுகொண்டே இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் காலியாகிவிட்டது.

ஒரு தகப்பனார் செயலாளரைப் பிடித்துக்கொண்டார். "நல்ல காரியத்துக்கு இந்த லாரியையா கொண்டுவருவீங்க?"

"எனக்கே தெரியாதுங்க," என்றார் செயலாளர். "மரத்தைக் கட்டினவர் எந்த லாரியைக் கொண்டுவந்தார்னு நான் எப்படிப் பாக்கிறது?"

நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தீர்கள். அது உங்கள் காதில் விழுந்தது. இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆள் தலை கவிழ்ந்திருப்பார். நீங்கள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "விடு பாப்பா, ஊர்வலம் நடக்கணும்ல," என்பீர்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.

பிள்ளைகள் நடந்தே போவது என்று முடிவாயிற்று. மேளச் சத்தம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் திரும்பியது. நான் மட்டும் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். "நீயும் இறங்கி அவங்களோட நட," என்றீர்கள். மாட்டேன் என்றேன். வியர்வையில் இறக்கையின் நீலச் சாயம் தோளெல்லாம் வழிந்திருந்தது. நீங்கள் லாரியைக் கிளப்பினீர்கள், ஊர்வலம் போன திசைக்கு எதிர்த் திசையில்.

காலாங் பாலத்தைத் தாண்டினால் நம்மைத் தெரிந்தவர்கள் இல்லை. கேலாங்கில் ஒரு மலாய்க் கம்பத்து வீடுகள் பக்கம் மெதுவாகப் போனபோது பிள்ளைகள் மரத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே ஓடிவந்தார்கள். ஏறலாமா என்று மலாயில் கேட்டார்கள். நீங்கள் வண்டியை நிறுத்தி, "போலே, போலே," ஏறலாம் என்று கையைக் காட்டினீர்கள். மடமடவென்று ஏறிவிட்டார்கள். ஒருத்தி என் இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள். கடற்கரைச் சாலையில் போகும்போது எதிரே வந்தவர்களெல்லாம் கையசைத்தார்கள். நீங்களும் கையை வெளியே நீட்டி அசைத்தீர்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து நீங்கள் ஓட்டி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

திரும்பக் கொண்டுவந்து இறக்கியபோது ஒரு தாயார் உங்களுக்கு ரோஜா சிரப் கலந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டீர்கள். அவர் வற்புறுத்திச் சொல்லும்வரை குடிக்கவில்லை. வரும் வழியில் என்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டீர்கள், பாலத்துக்குக் கிட்டே வந்ததும் சொன்னீர்கள்.

"சிரப் கொடுத்த அந்தம்மாகிட்ட நான் சொல்லியிருக்கணும், பாப்பா."

"எதை?"

"இது என்ன லாரின்னு. தெரிஞ்சிருந்தா ஏத்தியிருப்பாங்களா?"

அதுவரைக்கும் அந்த லாரியை நீங்கள் ஒருபோதும் கேவலமாக நினைத்ததில்லை. திடலில் அத்தனை பேர் சேர்ந்து செய்ய முடியாததை அந்த ஒரு தம்ளர் சிரப் செய்துவிட்டது. வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, "இனிமே நீ இதுல ஏறக்கூடாது," என்றீர்கள். மறுநாளிலிருந்து நான் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். முன் இருக்கையில் நான் உட்காரும் இடத்தில் உங்கள் துண்டைப் போட்டு வைத்திருந்தீர்கள்.

லாரியை இப்போது சித்தப்பா மகன் ஓட்டுகிறான். கேட்டால் தருவான். குழுவில் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அப்பா. மறுபடியும் ஒரு தாய் வந்து அந்தக் கம்பியில் கை வைப்பதைப் பார்க்க என்னால் ஆகாது.

உங்களைக் கொண்டுபோனதும் அதில்தான். உங்களைத் தூக்கி வைத்ததும் ஆண்களெல்லாம் ஏறினார்கள். நானும் பின் கதவைப் பிடித்தேன். பெரியப்பா தடுத்தார். "பொம்பளைப் பிள்ளை வீட்டோட நின்னுக்கணும்மா. சுடுகாட்டுக்கு வரக்கூடாது."

"சுடுகாட்டுக்குள்ள வரல பெரியப்பா. லாரியில வர்றேன்," என்றேன்.

ஏறக்கூடாது என்று சொன்ன நீங்கள் தடுக்க முடியாமல் படுத்திருந்தீர்கள். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். பூ தொங்கவிட்டிருந்த லாரி சிராங்கூன் ரோட்டில் ஊர்ந்தது. கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் நின்றவர்கள் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நகைக்கடை வாசலில் ஒரு சின்னப் பெண் பூவையெல்லாம் பார்த்துவிட்டு நம்மைப் பார்த்துக் கையசைத்தாள். அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். பெரியப்பா என்னை முறைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பெண் கண்ணுக்கு மறையும்வரை கையசைத்துக்கொண்டே வந்தேன்.