ஆமென் சொன்ன இயந்திரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் பெனினுக்கு, உன் தாய் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகமே, அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் படியேறும்போது தலைகாட்டுகிறது. அயர்லாந்தின் குளிர் உன்னை வாட்டாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாட விண்ணப்பம்.

உன் தங்கை அக்சாவை முன்னிட்டே இக்கடிதம். போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், ஆகையால் எழுதுகிறேன். அவள் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்தும் தட்டம்மைத் தடுப்பூசி இன்னும் போடப்படவில்லை. முந்தைய ஊசிக்குக் காய்ச்சல் கண்டு தொடையும் வீங்கியதால், இனி ஊசியே வேண்டாம் என்று ராஜபாளையத்தில் பிடிவாதமாய் இருக்கிறாள். அவள் தெருவிலேயே இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை என்று கேள்விப்பட்டது முதல் என் மனம் ஒருநிலையில் இல்லை. தடுப்பூசியின் இன்றியமையாமையைச் சான்றுகளோடு எடுத்துரைத்தேன். "யம்மா, ஒன் பிரசங்கத்த நிப்பாட்டு. காய்ச்சல்ல கெடந்தது ஏம் பிள்ள" என்று போனை வைத்துவிட்டாள்.

இச்சமயத்தில் சுகாதார நிலையத்துச் செவிலியர் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு வந்து, தடுப்பூசி பற்றிய ஐயங்களை வாட்ஸ்அப்பில் கேட்டால் ஓர் இயந்திரமே பதில் கூறும் என்று ஓர் எண்ணைத் தந்தார். சங்கச் செயலாளர் என்ற முறையில் நானே முதலில் எழுதத் தலைப்பட்டேன். ஜெபக் குறிப்பு எழுதும் முறைமையில் அக்சாவின் பெயர், தெரு, குழந்தையின் வயது, தாயின் பிடிவாதம் யாவற்றையும் வரிசைப்படுத்தி, 'தயைகூர்ந்து வழிகாட்டுக' என முடித்து அனுப்பினேன். உடனே 'ஆமென்' என்று பதில் வந்தது. இயந்திரம் நம் சபை வழக்கத்தையும் அறிந்திருக்கிறதே என வியந்தேன். பின்னும் ஆமென்கள், கைகூப்பிய படங்கள். 'அக்கா, பாப்பாக்காக நான் உபவாசம் இருக்கேன்' என்று வந்த பிறகே, நான் எழுதியது சங்கத்தின் குழுவில் என்று விளங்கிற்று. அதற்குள் குருவானவரின் மனைவி ஜெயபாய் அம்மாள் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் நானும் ஓடினேன். "சபைக்கே தண்டோரா போட்டுட்டியே, இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் ஆராதனைக்கு வாரது?" என்று அக்சா என் போனைப் பிடுங்கி எழுதியதை அழித்தாள். அழித்தவள் போனைத் திருப்பித் தரவில்லை. "அந்த மிஷின் எங்க? அதையும் நாலு கேள்வி கேக்கேன்" என்று உண்மையான எண்ணைத் தேடி, "ஊசி போட்டு ஏம் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நீ வருவியா?" என்று குரல்பதிவாகவே அதனிடம் பேசினாள். அது, தான் மனிதர் அல்ல, வர இயலாது, அவள் அஞ்சுவது இயல்பே என்று கூறி, சென்ற முறை என்ன நடந்தது என்று கேட்டது. அவ்வளவுதான். மாப்பிள்ளை சாம்சன் மில் வேலைக்குப் போயிருந்ததும், தனியாக ஈரத்துணியோடு அமர்ந்து, பிள்ளை கண் திறக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்ததும் எல்லாம் சொல்லி அழுதாள். இவை எதுவும் நான் அறியாதவை. அக்காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும், ஊசிக்கு முன் செவிலியரிடம் இதைச் சொல்லுங்கள், இன்னின்ன அறிகுறி கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள் என்றது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள், அது சலிக்கவில்லை.

பெனின், நான் எடுத்துரைத்ததும் ஏறத்தாழ இதுவே அல்லவா? பெற்ற தாயிடம் சொல்லாததை உயிரற்ற ஒன்றிடம் எப்படிச் சொன்னாள்? நான் கேட்கவில்லையாம். வருந்துவதா, மகிழ்வதா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதற்கு நன்றி எழுதினேன், 'வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?' என்றது. என்ன கேட்பது என்று தெரியாமல் மூடிவைத்தேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் அக்சா அழைத்தாள். "புதங்கெழம ஊசிக்குப் போவம்னு பாக்கேன். நீயும் வா, பிள்ளயப் பிடிச்சிக்க. ஆனா ஒரு வார்த்த பேசுனா, அப்படியே திரும்பி வந்துருவேன்." சரி என்றேன். சங்கத்தின் வரவேற்புரை, நன்றியுரை யாவும் ஆற்றும் நான் ஊசி வரிசையில் வாய்மூடி நிற்பது எவ்விதம் என்று இப்போதே வீட்டில் பழகுகிறேன், உன் அப்பா, "எம்புட்டு நிம்மதி!" என்கிறார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. புதன்கிழமை காலை எனக்காக ஜெபி, குழந்தைக்காக அல்ல, என் நாவுக்காக. குழுவில் மட்டும் எழுதிவிடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா,
வே. தேவகிருபை