பன்னிரண்டு இல்லாத பட்டியல்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் மாடியில் மகன் வீட்டுக்கு ஐம்பத்து நான்கு படிகள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மகன் போட்டு வைத்த முக்காலியில் உட்கார்ந்துதான் ஏறினேன். கீழே மூலை வீடு காலியாகப் போகிறதாம். எனக்கென்று ஒரு கீழ் வீடு கேட்டுச் சங்கத்தில் எழுதிக் கொடுத்து மூன்று வருடம். குடியிருப்புச் சங்கச் செயலாளர் என் மகன்தான். கேட்டால், "பட்டியல் நகரணும்லம்மா" என்கிறான். ஜனவரியில் சண்டை போட்டதும், மறுநாள் கம்ப்யூட்டரில் காட்டினான். என் பெயர் இருந்தது. முறை எண் 50. சரி, பொறுப்போம்.

மார்ச் 9, ஞாயிறு

அவன் மகள் சங்கத்துப் பட்டியலைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறாள். அதற்கொரு ப்ரோக்ராம் எழுதியிருக்கிறாள். எந்தப் பத்தியில் எண்ணை ஆள் கையால் போடுகிறார், எதில் எண் தானே ஏறிக்கொள்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுமாம்.

ஓடவிட்டாள். முறை எண் — கையால் போட்டது. பதிவு எண் — தானே ஏறுவது.

"ஒரு ஆளை அழிச்சிட்டா?"

"அந்த எண்ணை வேற யாருக்கும் குடுக்காது பாட்டி. அடுத்ததுக்குப் போயிடும்."

நல்ல வைராக்கியம். எனக்குப் பிடித்திருந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் கையில் வாங்கிய சீட்டு எதையும் தொலைத்ததில்லை. அன்றைக்கு எழுதிக் கொடுத்தபோது தந்த சீட்டை எடுத்து வந்தேன். பதிவு எண் 12.

திரையில் 11 இருந்தது. அடுத்தது 13. என் பெயர் கடைசியில், பதிவு எண் 63.

"ஏதாவது கோளாறா இருக்கும் பாட்டி" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 11

இரண்டு நாளாக அவள் என் எதிரில் வரவில்லை. நானே போய்க் கேட்டேன், அழிக்க யாரால் முடியும் என்று.

"அப்பாவால மட்டும்தான்." அழுதுவிட்டாள்.

மார்ச் 12

மகனிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"நீ தனியாப் போனா, பெத்தவளைத் துரத்திட்டான்னு பேசமாட்டாங்களா? அதுக்குத்தாம்மா."

எழுதிக் கொடுத்த வாரமே அழித்திருக்கிறான். ஜனவரியில் நான் கத்தியதும் பட்டியலின் கடைசியில் மறுபடி ஏற்றிவிட்டுக் காட்டியிருக்கிறான்.

போன வருடம் 13-ம் எண் தபால்காரருக்கு வீடு கிடைத்தது. அது என் வீடு! சாவி வாங்கியவருக்கு நான் வாழ்த்துச் சொன்னேன். இவன் பக்கத்துல நின்னு சிரிச்சானே... என் முட்டிக்குத் தைலம் தேய்ச்சுவிட்ட கைதானே அழிச்சுது? என்னிடம் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனோ?

மாட்டேன். அது அவனுக்கும் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

சங்கக் கூட்டம். சீட்டை மேசைமேல் வைத்தேன். யார் அழித்தது என்று நான் சொல்லவில்லை. அவனே எழுந்து சொன்னான். என் முறை எண்ணை 1 ஆக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் தன் மகளிடம், "அந்த 63-ஐயும் 12 ஆக்கிடேன். பாக்க நல்லால்ல" என்கிறான். வம்படியாகச் செய்தால் முடியுமாம்.

"தொடாதடி. அது காலியாவே கெடக்கட்டும்" என்றேன்.

ஜூன் 22

கீழே மூலை வீட்டுக்கு வந்து எட்டு நாள்.

காலையில் ஒரு காலடி படியிறங்கி வந்து என் கதவருகே நின்றது. இடது கால் கொஞ்சம் இழுக்கும், அவன்தான். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. அவன் தள்ளவில்லை. நானும் எழவில்லை.

போனபிறகு திறந்தேன். வாசலில் அந்த மாடித் திருப்பத்து முக்காலி.

இனி அது எனக்கு எதற்கு? சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தது. அப்புறம் எடுத்து உள்ளே வைத்தேன்.

உட்காரவில்லை.