புதன்கிழமைத் தண்ணீர்

ஜூன் 3, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் செய்தது வெந்நீர்க் குழாயைத் திறந்தது. இரண்டாவது, திட்டு வாங்கியது. "அம்மா, அஞ்சு நிமிஷம் தாண்டியாச்சு! உனக்குச் சிவப்பு!" என்று மகள் கதவைத் தட்டுகிறாள். பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த அட்டையைக் குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். 'ஆறு உங்கள் கையில்' என்று தலைப்பு. அம்மா, அப்பா, நான் என்று மூன்று வரிசை. தண்ணீரை வீணாக்கினால் சிவப்புப் பொட்டு, இல்லாவிட்டால் பச்சை. அவளுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார் இவர். இவருக்கு மட்டும் வாரம் முழுக்கப் பச்சை. மனிதர் அவள் விளையாடப் போன நேரம் பார்த்துக் குளிக்கிறார்.

அட்டையின் அடியில் நான் வேலை பார்க்கும் காகித ஆலையின் முத்திரை. அட்டையே எங்கள் ஆலையில் செய்ததுதான். அதைச் செய்ய எத்தனை லிட்டர் தண்ணீர் போனது என்று அதில் போடவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

கடைவாய்ப்பல் பிடுங்கியாயிற்று. இன்றும் நாளையும் விடுப்பு. பாதி முகம் எனக்குச் சொந்தமில்லை.

மத்தியானம் ஆலை ஆய்வகத்திலிருந்து புதுப்பொண்ணு கூப்பிட்டாள். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். "அக்கா, காலையிலேருந்து கரண்ட் இல்ல, குளிர்பெட்டி ஓடல. கழிவுத்தண்ணி சாம்பிள் இன்னிக்கு எடுக்கல. என்ன பண்ணட்டும்?"

வாயில் பஞ்சு. "நாளைக்கு எடுத்துக்கோ," என்றேன்.

ஜூன் 6, வியாழன்

1,140.

நேற்று புதுப்பொண்ணு எடுத்த தண்ணீரில் எவ்வளவு அழுக்கு கரைந்திருக்கிறது என்று காட்டும் எண் இது. ஆற்றில் விட அனுமதித்த அளவு 250. பதினோரு வருஷமாக என் பதிவேட்டில் அது 200-ஐத் தாண்டியதே இல்லை. நானே மறுபடி செய்து பார்த்தேன். 1,128. மூன்றாவது முறை செய்யும்போது எனக்கு விடை தெரிந்துவிட்டது, கைதான் சும்மா வேலை செய்துகொண்டிருந்தது.

தெரிந்துவிட்டதா? எப்போது தெரியாது?

திங்கட்கிழமை சாயங்காலம், கழிவுத்தண்ணீர் ஆற்றுக்குப் போகும் கடைசித் தொட்டியைக் காலி செய்து போர்வெல் தண்ணீரை நிரப்புவார்கள். "தொட்டிக்குத் தலைக்கு ஊத்தியாச்சு," என்று ஷிஃப்ட் ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். செவ்வாய் காலை ஏழு மணிக்கு நான் போய் மாதிரி எடுப்பேன். மற்ற கிழமைகளில் எடுக்காதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. யாரும் சொல்லாததால் அவளிடம் சொல்ல என்னிடமும் வார்த்தை இருக்கவில்லை. அவள் சுவரில் ஒட்டியிருக்கும் விதியைப் படித்திருக்கிறாள்: வாரம் ஒருமுறை, ஆலை ஓடும்போது. அப்படியே செய்திருக்கிறாள்.

ஜூன் 7, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், அப்போதே புரிந்தது.

"மேடம், சீசா சரியாக் கழுவாம எடுத்திருக்கு அந்தப் பொண்ணு. நீங்க ஒரு குறிப்பு எழுதிக் குடுத்துடுங்க. அந்த இன்னொரு சீசாவையும் ஊத்திடுங்க."

எந்த மாதிரியையும் இரண்டு சீசாவில் எடுப்போம். ஒன்று சோதிக்க. மற்றது அமிலம் சேர்த்து, முத்திரை வைத்து, எடுத்தவரும், சோதிக்கிற அன்று நானும் கையெழுத்துப் போட்டு, இருபத்தெட்டு நாள் குளிர்பெட்டியில் இருக்கும்.

"சீசா கழுவினதுதான் சார். நான் பார்த்தேன்."

"நீங்க லீவுல இருந்தீங்களே?"

பல் பிடுங்கிய இடத்தில் வலி தெறித்தது.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. எழுதினா அவளுக்கும் நல்லது, எச்சரிக்கையோட முடிஞ்சிடும். இல்லேன்னா மேல போகும்." குரலை உயர்த்தவே இல்லை. நல்ல மனிதர். என் பிரசவத்துக்கு ஆறு மாத விடுப்பு வாங்கித் தந்தவர்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சீசாவை ஊற்றவில்லை. பின்வரிசைக்குத் தள்ளிவைத்தேன்.

ஜூன் 8, சனி

இவரிடம் சொன்னேன்.

"நீ ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிற? ஊருக்கே சோறு போடுது அந்த ஆலை."

"ஊருக்கே அழுக்குத் தண்ணியும் ஊத்துதே."

"நாமளுந்தான் சோப்புத் தண்ணிய ஆத்துல விடுறோம். எல்லாருக்கும் பங்கு இருக்கு."

அந்த அட்டையில் இருக்கும் வாக்கியம் அது, எழுத்து மாறாமல். என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது! நான் ஒரு வாளி அதிகம் ஊற்றினால் சிவப்பு. ஒரு மணி நேரத்துக்கு எண்பதாயிரம் லிட்டர் பழுப்புத் தண்ணீரை ஆற்றில் விடுகிறவன் என் பிள்ளை கையில் பொட்டும் பசையும் கொடுத்து என்னைக் காவல் காக்க வைக்கிறான். பங்காம் பங்கு. எல்லோருக்கும் பங்கு என்று சொன்னால் யாரும் பதில் சொல்ல வேண்டாம் அல்லவா?

சோறு போடுவது பற்றி அவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் எரிகிறது.

ஜூன் 11, செவ்வாய்

188. என் கையாலேயே எடுத்தேன்.

ஜூன் 13, வியாழன்

குறிப்பை இன்னும் கொடுக்கவில்லை. புதுப்பொண்ணு மதியம் சாப்பிடாமல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் என்ன தப்புப் பண்ணினேன்? சொன்னா திருத்திக்கிறேன்."

"ஒரு தப்பும் இல்லம்மா."

"அப்ப ஏன் எல்லாரும் என்னப் பார்த்ததும் பேச்ச நிறுத்துறாங்க?"

'நாளைக்கு எடுத்துக்கோ' என்று சொன்னது நான்.

ஜூன் 14, வெள்ளி

ஆலைக்கு இரண்டாவது காகித இயந்திரம் வரப்போகிறது. அதற்கு 24-ஆம் தேதி ஊர்மக்கள் முன்னால் கருத்துக் கேட்புக் கூட்டம். மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரியும் வருகிறார். தண்ணீர் அறிக்கையை நான் வாசிக்க வேண்டுமாம். மேனேஜர் சொன்ன காரணம்: "ஒரு அம்மா சொன்னா ஜனங்க நம்புவாங்க."

புதன்கிழமை எண் அறிக்கையில் இல்லை. அதன் இடத்தில் 'மாதிரி எடுத்ததில் பிழை' என்று அவரே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஜூன் 18, செவ்வாய்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஆலை பார்க்கக் கூட்டிவந்தார்கள். வேறு எந்தக் கிழமை கூட்டிவருவார்கள்! கடைசித் தொட்டியில் அடி தெரிந்தது. இன்ஸ்பெக்டர் முதல் வரிசையில், குறிப்பேடும் கையுமாக. "என் அம்மாதான் இங்க டெஸ்ட் பண்றாங்க" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தூக்கினாள். மற்றவர்கள் முன்னால் என்னை 'மேடம்' என்றே கூப்பிட்டாள்.

"மேடம், இந்தத் தண்ணி தினமும் இப்படித்தான் இருக்குமா?"

மேனேஜர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"ஆமா," என்றேன்.

அவள் அதை எழுதிக்கொண்டாள்.

ஜூன் 19, புதன்

வேலை முடிந்து ஆற்றுப் பாலத்தில் நின்றேன். குழாய் விழும் இடத்தில் இடுப்பளவு நுரை. இன்று புதன்.

ஜூன் 20, வியாழன்

இன்ஸ்பெக்டர் கட்டுரை எழுதியிருக்கிறாள். 'ஆலை தன் கடமையைச் செய்கிறது. நாம்தான் செய்வதில்லை.' வாசித்துக் காட்டிவிட்டு, "நல்லாருக்காம்மா?" என்றாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் பதிவேட்டைப் புரட்டினேன். நேற்று வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். பதினோரு வருஷச் செவ்வாய்க்கிழமைகள், என் கையெழுத்தில், கோடு போட்ட மாதிரி. அழகான கையெழுத்து என்று கல்லூரியில் பெயர் வாங்கினேன். எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கிழமைதான் பொய்.

பன்னிரண்டு நிமிஷம் வெந்நீரில் குளித்தேன். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் காட்டினாள். "சிவப்பு வை," என்றேன். ஏமாந்துபோய்ப் பார்த்தாள், நான் சண்டை போடுவேன் என்று நினைத்திருப்பாள். என் குளியலுக்கு நான் பொறுப்பு. அதை யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

புதுப்பொண்ணின் சீசா இப்போது எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில், பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால், இரண்டு உறைக்குள் இருக்கிறது. முத்திரை உடையவில்லை. கையெழுத்து இரண்டும் தெளிவாக இருக்கின்றன. என்ன அது என்று இவர் கேட்டார். பல்லுக்கு மருந்து, யாரும் தொட வேண்டாம் என்றேன்.

மேனேஜரின் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. வேறு தாளில் நானே எழுதிவிட்டேன், ஒரு பக்கம்கூட வரவில்லை. தொட்டியை எந்தக் கிழமை கழுவுகிறார்கள், நான் எந்தக் கிழமை எடுப்பேன், புதன்கிழமை யார் சொல்லி அவள் எடுத்தாள், என்ன எண் வந்தது. அந்தப் பெண் விதிப்படி செய்தாள் என்று ஒரு வரி. பதினோரு வருஷம் நான் செய்யவில்லை என்று இன்னொரு வரி.

நாளை பத்தரை மணிக்குக் கூட்டம். பிள்ளைகளும் பாட்டுப் பாட வருகிறார்களாம். சீசாவை அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு இந்தத் தாளை வாசிப்பேன்.

இவர் உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் நாளைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். "அம்மா, நீ நாளைக்கு எந்தப் புடவை?" என்கிறாள்.

நீலம் என்று சொன்னேன்.