இருபத்து மூன்றாம் தேதி கேட்டில் நான் இருப்பேன்

ஐட்ஃபியோர்ட்,
டிசம்பர் 8

அன்புள்ள ஓஸ்முனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், ஆடுகள் சுகம், இருமிக்கொண்டே கிளம்பும் நம் பழைய டிராக்டர்கூட சுகம், நீ கடந்து வரவேண்டிய மலைமேல் மேட்டுவெளி மட்டும்தான் இந்த வருஷம் சுகமில்லை. நீயும் வெரேனாவும் அங்கே ம்யூனிக்கில் நலமாக இருப்பீர்கள், வெரேனாவுக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா என்று எழுது. போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று கேட்பாய். போனில் நான் டயர் என்று வாயைத் திறந்தாலே நீ வைத்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், "இன்னொரு தடவ டயரப் பத்திப் பேசினா நான் கிறிஸ்துமஸுக்கு வரவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாய். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆட்டு விலாவை உப்புக்கண்டம் போட்டு மாடியில் தொங்கவிட்டாயிற்று, நன்றாகக் காய்ந்திருக்கிறது, இந்த முறை உனக்காக ஒரு பக்கம் கூடுதலாகப் போட்டேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, வலிக்கிறது என்று என்னிடம் சொல்லமாட்டார், ஆனால் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிற பாட்டை நிறுத்திவிடுகிறார், அதிலிருந்து தெரிந்துகொள்கிறேன். மூன்று குளிர்காலமாக நீ வரவில்லை. இந்த வருஷம் அந்தப் புதுக் காரிலேயே வருகிறேன் என்று சொன்னதிலிருந்து அவருக்குக் கால் தரையில் இல்லை. கொட்டகையில் டிராக்டரை வெளியே தள்ளி அதற்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு உன் காருக்கு இடம் பெருக்கி வைத்திருக்கிறார். நீ அனுப்பிய படத்தைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டியிருக்கிறார், நீ முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாயே, அந்தப் படம். பால்காரர் வந்தாலும் தபால்காரர் வந்தாலும் அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். நானும் தினமும் காபி போடும்போது அதைப் பார்க்கிறேன். அழகான கார்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பூனை நுழைய முடியாத அளவுக்குத் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி. போன செவ்வாய்க்கிழமை காற்று மோசமாகி மலைச்சாலையை மூடிவிட்டு, முற்பகலில் கார்களை வரிசையாகக் கான்வாய் கட்டிக் கூட்டிப் போனோம். என்னோடு சாலை வேலை பார்க்கும் சிகுர் முன்னால் பனி ஒதுக்கும் வண்டியில், நான் வரிசைக்குக் கடைசியில் காவல் வண்டியில். மலைச்சாலைக்குக் கட்டை போட்டிருக்கும் ஹௌகஸ்டோல் கேட்டில் வெள்ளி நிறத்தில் ஒரு கார் நின்றது, ஜெர்மன் நம்பர், உன்னுடையதைப் போலவே தாழ்வு, பின் சக்கரம் இழுக்கும் வகை, நம் வீட்டு ரொட்டிப் பலகை அகலத்துக்கு டயர். ஒரு இளம் கணவன் மனைவி. சிகுர் குனிந்து டயரைப் பார்த்திருக்கிறான், பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருந்திருக்கிறது, "எல்லாம் புதுசுங்க, கடையிலயே குளிர்கால டயர்னு சொல்லித்தான் போட்டாங்க" என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான், சிகுரும் சரி என்று விட்டுவிட்டான். சிகுரைக் குறை சொல்ல முடியாது. சட்டத்தின் கண்ணில் அது குளிர்கால டயர்தான்.

தூரான்யுட் ஏற்றத்தில் அந்தக் கார் நின்றுவிட்டது. முன்னால் போனவர்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் சிகுரின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னால் வந்த எல்லோரும் நின்றார்கள். நான் வயர்லெஸ்ஸில் சிகுரைத் திரும்பி வரச் சொல்லிவிட்டு இறங்கி, நின்ற கார்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே முன்னால் நடந்தேன். நீட்டிய என் கை எனக்கே தெரியாத வெள்ளை. நீ இங்கே பிறந்தவன், அந்த வெள்ளை எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் மறந்துவிட்டாயோ என்று எனக்கு இப்போது சந்தேகம். வெள்ளிக் காரின் கதவைத் திறந்தால் உள்ளே அந்தப் பையன் மட்டும் இருக்கிறான், பக்கத்து இருக்கை காலி. "சக்கரம் ஏன் சுத்துதுன்னு பாக்க அவ இறங்கினா, இன்னும் வரலங்க, நான் ஹாரன் அடிச்சிட்டே இருக்கேன்" என்றான். அந்தக் காற்றில் ஹாரன் சத்தம் எனக்கே அவன் கதவைத் தொட்ட பிறகுதான் கேட்டது. அவள் குளிர் அங்கி முன் டிக்கியில் பூட்டிக் கிடக்கிறது, மேலே மெல்லிய சட்டை ஒன்றுதான். உன் காரிலும் டிக்கி முன்னால்தானே இருக்கிறது, ஓஸ்முன்.

சாலை ஓரத்தில் நட்ட பனிக்கம்புகளைப் பிடித்துக்கொண்டு போனேன், ஒரு கம்பை விடாமல் அடுத்ததைத் தொட்டால்தான் நகர்வது. முதலில் ஏற்றத்தின் பக்கம் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினேன். பிறகு இறக்கத்தின் பக்கம். முதல் கம்பையே கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள், காரிலிருந்து ஒரு கார் நீளம்கூட இருக்காது. நான் தோளைத் தொட்டதும் அவள் ஜெர்மனில் ஏதோ சொன்னாள், எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான், அம்மா. அது என்னைக் கூப்பிட்டதா அவள் அம்மாவையா என்று தெரியாது, நான் "ஆமா, வந்துட்டேன்" என்று நம் மொழியில் சொல்லித் தூக்கிக்கொண்டு போனேன். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் வலது கையில் இரண்டு விரல் பிழைக்குமா என்று மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை. வயது வெரேனாவின் வயதுதான் இருக்கும்.

பிறகு சிகுர் வந்து அந்தக் காரை இழுக்கச் சங்கிலி எடுத்தான். கொக்கி மாட்ட இடம் தேடி நான் முன் சக்கரத்தில் பனியைத் தட்டினேன். டயரின் பக்கவாட்டில் எழுத்து தெரிந்தது. தினமும் காபி போடும்போது நான் படிக்கிற அதே பெயர், அதே எண், அதே முத்திரை. நீ குந்தியிருக்கும் படத்தில் உன் தோளுக்குப் பக்கத்தில் தெரியுமே, அதே டயர்.

அந்த டயர் கெட்ட டயர் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் ஊர்க் குளிருக்கு, ஈரச் சாலைக்கு, நீ வேகமாக ஓட்டுகிற அந்த நெடுஞ்சாலைக்கு அதைப்போல வராது, அதற்காகவே அதன் ரப்பரைக் கெட்டியாகச் செய்கிறார்கள். "இருநூத்தி நாப்பது தாங்கும்மா" என்று நீ பெருமையாகச் சொன்னாய். கான்வாயில் நாங்கள் முப்பதில் போகிறோம், ராசா. இங்கே வேண்டியது இளகிய ரப்பர், ஒடுங்கிய டயர், அதில் ஆணி. முத்திரை இரண்டுக்கும் ஒன்றுதான், அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அகலமான டயர் பனிமேல் மிதக்கிறது, ஒடுங்கியது அழுத்திக் கீழே போய்ப் பிடிக்கிறது. காரில் ஒவ்வொரு சக்கரத்தையும் கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்ளும் என்றாய், கவனிக்கட்டும், ரப்பருக்குப் பிடிப்பு இல்லை என்றால் அது எதைக் கவனித்து என்ன செய்யும். பிறகு போனை வைப்பதற்கு முன்னால் கடைசியாகச் சமாதானத்துக்கு வந்தாயே, இழுப்பது பின் சக்கரம்தானே, பின்னால் இரண்டுக்கு மட்டும் நல்லதாகப் போட்டுக்கொள்கிறேன் என்று, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். பின் சக்கரம் பிடித்துத் தள்ளும், முன் சக்கரம் திரும்பாது, பிரேக் போட்டாலும் நிற்காது, நேராக ஏரிக்குத்தான். போட்டால் நான்கும், இல்லை என்றால் வராதே.

வராதே என்று எழுதிவிட்டேன். மூன்று வருஷமாக உன் நாற்காலியில் பூனை உட்கார்ந்திருக்கிறது, எனக்கு நீ வர வேண்டும். நான் இப்படிப் பேசிப் பேசியே நீ வராமல் போய்விடுவாயோ என்று ஒவ்வொரு வரிக்கும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பெண் கம்பைப் பிடித்திருந்த பிடியை நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

ஆணி டயரை உங்கள் நாட்டில் ஓட்ட விடமாட்டார்கள் என்று தெரியும், அதற்கு வழி செய்தாயிற்று. நீ வழக்கம்போல உன் டயரிலேயே டென்மார்க் வரை ஓட்டி, கப்பலில் லார்விக் வந்து இறங்கு. துறைமுகத்திலிருந்து பத்து நிமிஷத்தில் தோர்தி அத்தை வீடு. அங்கே நான்கு சக்கரமும் ஆணி டயரோடு தயாராக இருக்கும், மாமா மாற்றிக் கொடுப்பார், உன்னுடையதைத் திரும்பிப் போகும்வரை அவர்கள் கொட்டகையில் வைத்துக்கொள்வார்கள். உன் காரின் பிரேக் பெரிது, சின்ன ரிம் உள்ளே நுழையாது என்று நீ சொல்வாய் என்று தெரிந்துதான் முன்கூட்டியே விசாரித்தேன். மலைக்கு அந்தப் பக்கம் கெய்லோவில் உன்னுடைய காரையே வைத்திருக்கிற பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார், அவர் குளிருக்குப் பத்தொன்பது அங்குலம்தான் போடுகிறார், அதற்குக் கீழே போகாது, பின்னால் முன்னைவிடக் கொஞ்சம் அகலம், கலந்துவிடக் கூடாது என்றார். அதே அளவில் நான்கும் வாங்கி, மாமாவுக்குக் குழப்பம் வராமல் நான் சாக்பீஸால் எது முன், எது பின், எது இடம், எது வலம் என்று ஒவ்வொன்றிலும் எழுதிவிட்டேன். சுழலும் திசைக்கு அம்பும் போட்டிருக்கிறேன்.

அப்பா முதலில் உன் பக்கம்தான். "அவன் பனியில பொறந்த பய, அவனுக்குப் போய் நீ பாடம் எடுக்கிறியா, குன்வோர்? எட்டு வயசுலயே உறைஞ்ச ஏரி மேல டிராக்டர் ஓட்டினவன்" என்றார். ஆமாம், ஆணிச் சங்கிலி போட்ட டிராக்டர் என்று சொன்னேன், உடனே செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். நான் அந்த ஜெர்மன் பெண்ணைப் பற்றி அவரிடம் ஒன்றும் பேசவில்லை, பேசினால் அழுதுவிடுவேன் என்று விட்டுவிட்டேன். சிகுர்தான் வந்து சொல்லியிருப்பான் போல. நேற்றுக் காலையில் எழுந்து பார்த்தால் வேனையும் காணோம், நான்கு சக்கரத்தையும் காணோம், அடுப்பில் காபி மட்டும் சூடாக இருக்கிறது. அந்த முழங்காலோடு லார்விக் வரை அவரே ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார். கேட்டதற்கு, "தங்கச்சியப் பாத்து நாளாச்சு, அதான் போனேன்" என்கிறார். உன்னிடமும் அப்படியே சொல்வார், நம்பியதுபோல இரு.

இன்னொன்று. இருபத்து மூன்றாம் தேதி எனக்கு ஹௌகஸ்டோல் கேட்டில் வேலை. சிகுர் அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றான், "பெத்த புள்ள வர்ற நாள்ல வேலையா, நான் பாத்துக்கறேன், நீங்க வீட்ல விலாவ வேகவைங்க" என்றான். அப்பாவும் அதையே சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். காற்று அடித்துச் சாலையை மூடினால், சிகுர் கேட்டில் நின்றால், குன்வோர் மகன் என்று உன்னை விட்டுவிடுவான், டயரைக் குனிந்துகூடப் பார்க்கமாட்டான், அது எனக்கு நிச்சயம். யாரை ஏற்றுவது யாரைத் திருப்புவது என்பது கேட்டில் நிற்பவர் முடிவு. நான் நின்றால் நீ வேறு எவனோ ஒருவன்தான். அந்த அகல டயரோடு வந்தாயானால் கட்டையைத் தூக்கமாட்டேன், வரிசையில் எத்தனை பேர் பார்த்தாலும் சரி, நீ என்ன பேசினாலும் சரி. வெரேனாவை என் வண்டியில் ஏற்றிக்கொள்வேன், நீயும் வேண்டுமானால் காரை விட்டுவிட்டு ஏறு, இல்லை என்றால் கெய்லோவுக்கே திருப்பு என்பேன். கோபித்துக்கொண்டு நீ ம்யூனிக்குக்கே போய்விட்டாலும் போ. என்மேல் கோபமாக எங்கேயாவது உயிரோடு இருக்கிற மகன் எனக்குப் போதும்.

ஆணி டயரோடு வந்தால் உன்னை முதல் காராக நிறுத்துவேன், பனி ஒதுக்கும் வண்டிக்கு நேர் பின்னால். அன்றைக்கு முன்னால் ஓட்டப்போவது நான்தான். கேட்டிலிருந்து நம் பள்ளத்தாக்கு இறங்கும்வரை என் கண்ணாடியில் உன் விளக்கு தெரிந்துகொண்டே வரும். மூன்று வருஷமாக நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கம்பளிச் சட்டை, கையுறை, அங்கி எல்லாம் இருக்கையில் கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம், வெரேனாவிடம் நான் சொன்னேன் என்று தனியாகச் சொல். டாங்கி நிறைய இருக்கட்டும். என்ன ஆனாலும் காரை விட்டு இறங்காதே. கடவுள் உங்கள் இரண்டு பேரையும் கைவிடாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும், உங்களுக்கு ஒரு குறையும் வராது. அப்பா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னார், கூடவே அந்தக் காரை ஒரு தடவை தானும் ஓட்ட வேண்டுமாம்.

கேட்டில் என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்து கட்டிக்கொள்ளாதே. முதலில் டயரைக் காட்டு.

உன் அம்மா,
குன்வோர்